ஆல்ப்ஸ் மலையில் ஒரு கோடை

கோடை விடுமுறையில் அயல்நாடு சென்று வருவது இன்று நம் குடும்பங்களில் புதுமையன்று. மகனோ மகளோ அங்கே இருப்பார்கள். அல்லது உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் பிள்ளைகளோடு அங்கேயே குடியேறியிருப்பார். ஒரு மாதம் வந்து தங்கிவிட்டுப் போகலாமே என்று அழைப்பு வரும். புறப்படும் வேளையில் வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் எழும் கவலை பெட்டியின் எடையைப் பற்றியதன்று. நாள்தோறும் விளக்கேற்றிய பூஜையறையைப் பூட்டிவிட்டுப் போகிறோமே, அங்கே கோயில் உண்டா, பிரதோஷமும் ஏகாதசியும் என்னாகும் என்பதே அவர்கள் கவலை. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

1896ஆம் ஆண்டுக் கோடையில், 33 வயது நிரம்பிய துறவி ஒருவர், நம் கோயில் ஒன்றுகூட இல்லாத ஊர்களில் இரண்டு மாதத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தைக் கழித்தார். சொற்பொழிவு இல்லை, வகுப்பு இல்லை, நிதி திரட்டும் வேலையும் இல்லை. ஓய்வு கொள்வதற்காக நண்பர்கள் அழைத்துச் சென்ற பயணம் அது. அதன் இறுதியில், கடிதம் மூலம் அழைத்திருந்த ஓர் அறிஞரின் வீட்டிற்கும் விருந்தினராகச் சென்றார். சுவாமி விவேகானந்தரின் சிகாகோ சொற்பொழிவை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. இந்தக் கோடைப் பயணத்தை அறிந்தவர்கள் சிலரே. ஆயினும் இமயமலையில் மாயாவதி அத்வைத ஆசிரமத்திற்கு வித்து விழுந்தது இந்தப் பயணத்தில்தான். கோயில் வாசல் யாருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிய அழுத்தமான கடிதம் ஒன்று பிறந்ததும் இந்தப் பயணத்தில்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் அமெரிக்காவிலிருந்து இரண்டாம் முறையாக லண்டன் வந்து சேர்ந்தார். மே மாதம் முதல் வகுப்புகள் ஓய்வின்றி நடைபெற்றன. ஞான யோகம் என்று பின்னர் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகள் பலவற்றை அவர் லண்டனிலேயே நிகழ்த்தினார். குறிப்பு ஏதும் கையில் இல்லாமல் அவர் பேசப் பேச, குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞர் சுருக்கெழுத்தில் பதிவு செய்துகொண்டிருந்தார். மே 28 அன்று ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் மாக்ஸ் முல்லரின் வீட்டிற்குச் சென்று வந்தார். முதுமையடைந்த அப்பேரறிஞர், இரவில் ரயில் நிலையம் வரை தாமே வந்து சுவாமிகளை வழியனுப்பினார். இத்தனைக்கும் நடுவே உடல் தளர்ந்துகொண்டே வந்தது. இனி ஒரு வாரம்கூட இப்படியே போகக்கூடாது என்று கண்ட அன்பர்கள் மூவர், ஐரோப்பாவின் மலைநாட்டிற்குச் சென்று வரலாம் என்று அவரை வற்புறுத்தினார்கள்.

அந்த மூவரில் ஒருவர் ஹென்ரியட்டா முல்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி. மாக்ஸ் முல்லருக்கு உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. பின்னாளில் பேலூர் மடத்திற்கு நிலம் வாங்கப் பெரும்பொருள் அளித்தவர் இவர். மற்ற இருவர் கணவனும் மனைவியுமான சேவியர் தம்பதியர். ஜேம்ஸ் ஹென்றி சேவியர் ராணுவத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவிலும் சில ஆண்டுகள் பணியாற்றியவர். மனைவி பெயர் சார்லட். பல சமயக் கூட்டங்களுக்கும் சென்று மனநிறைவு காணாதிருந்த இவர்கள், லண்டனில் சுவாமிகளின் பேச்சைக் கேட்டார்கள். ஒரு நாள் பேச்சு முடிந்து வெளியே வந்த கேப்டன், சுவாமிகளை நன்கறிந்த ஜோசபின் மக்லவுட் அம்மையாரிடம், இந்த இளைஞர் தோற்றத்தில் காண்பது போலவே உள்ளத்திலும் இருப்பவர்தாமா என்று கேட்டார். ஆம் என்று விடை வந்தது. அப்படியானால் இவரைப் பின்பற்றத்தான் வேண்டும் என்றார் கேப்டன். வீட்டிற்குப் போய் மனைவியிடம் தம் எண்ணத்தைச் சொன்னார். அவருக்கும் அதே எண்ணந்தான் இருந்தது. படைவீரரின் சுருக்கமான பேச்சு. அதற்கு மேல் அந்தத் தம்பதியர் எதையும் விவாதித்ததாகத் தெரியவில்லை.

சேவியர் அம்மையாரை முதன்முறை கண்டபோதே சுவாமிகள் 'அம்மா' என்று அழைத்துவிட்டார். இந்தியாவிற்கு வர விருப்பமில்லையா என்றும் கேட்டார். அம்மையார் அவரினும் வயதில் மூத்தவர். ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரை, இந்தியர் ஒருவர் அவ்வாறு உறவு சொல்லி அழைப்பது அன்றைய லண்டனில் வழக்கமன்று. அந்த ஒரு சொல்லுக்கு அம்மையார் கடைசி வரை கட்டுப்பட்டிருந்தார்.

பனிமலையும் ஒரு சிறு ஆலயமும்

ஜூலை மாதப் பிற்பகுதியில் நால்வரும் புறப்பட்டார்கள். டோவர் துறைமுகத்தில் கப்பலேறிக் கடலைக் கடந்து, பாரிஸ் நகரில் இரவு தங்கி, ஜெனீவாவைச் சேர்ந்தார்கள். அவ்வாண்டு ஜெனீவாவில் சுவிட்சர்லாந்து நாட்டின் தேசியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே கயிற்றால் கட்டி மேலே விடப்படும் பெரிய பலூன் ஒன்று இருந்தது. அதில் ஏறிச் சூரியன் மறையும் காட்சியைக் காண வேண்டும் என்று சுவாமிகள் ஆசைப்பட்டார், ஏறியும் பார்த்தார். வேதாந்தம் பேசும் துறவி சிறுவனைப் போல் பலூனில் ஏறினார் என்றால் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஸ்ரீராமகிருஷ்ணரின் பிள்ளைகளை அறிந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

ஜெனீவாவிலிருந்து எல்லை தாண்டி, பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த சமோனி என்ற மலையூருக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் 4,800 மீட்டர் உயர்ந்த மான்ட் பிளாங்க் சிகரம் கண்ணெதிரே நிற்கும். இத்தனை அருகில் பனிமலையைப் பார்த்ததும் சுவாமிகளுக்கு இமயத்தின் நினைவு பொங்கியது. பரிவிராஜகராக அல்மோராவிலும் ரிஷிகேசத்திலும் அலைந்த நாட்களில் பனிச்சிகரங்களைத் தொலைவிலிருந்தே கண்டவர் அவர். இங்கே உச்சிக்கே ஏறிவிட வேண்டும் என்று விரும்பினார். தேர்ந்த மலையேறிகளுக்கன்றி மற்றவர்களுக்கு அது இயலாது என்றார்கள் வழிகாட்டிகள். தொலைநோக்கியில் அந்தச் செங்குத்துச் சரிவுகளைப் பார்த்தபின் அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் பனியாற்றின் மேல் நடந்தாவது தீர வேண்டும் என்றார். 'பனிக்கடல்' என்று அந்நாட்டார் பெயரிட்டிருக்கும் பெரிய பனியாறு அங்கே உண்டு. அதை நால்வரும் கடந்தார்கள். கடப்பது கூடப் பெரிதாக இல்லை. மறுகரையில் ஏறிய செங்குத்தான ஏற்றத்தில் சுவாமிகளுக்குத் தலை சுற்றியது, கால் வழுக்கியது. ஓய்வுக்கென்று வந்தவர் செய்கிற காரியமா இது என்று உடன்வந்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அப்பால் செயின்ட் பெர்னார்ட் கணவாய்க்கும் சென்றார்கள். பனிப்புயலில் சிக்கும் வழிப்போக்கர்களைக் காப்பாற்றுவதற்கென்றே நூற்றாண்டுகளாகத் துறவிகள் அங்கே மடம் அமைத்து வாழ்கிறார்கள். அவர்கள் வளர்த்துவந்த பெரிய நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், வழி தவறியவனுக்கு ஒரு கோப்பை சூடான பானம் கொடுப்பதே தவமாகக் கொண்ட துறவிகளை அவர் கண்டார்.

ஆல்ப்ஸ் மலையடிவாரச் சிற்றூர்களில் உழவர்களின் வாழ்க்கையையும் அவர் கூர்ந்து பார்த்தார். முதுகில் கூடை சுமந்து ஏறும் பெண்கள், கல்லும் மரமும் கொண்டு கட்டிய வீடுகள், மலைச்சரிவு வயல்கள் எல்லாம் குமாவோன் பகுதி மலைவாசிகளையே நினைவூட்டின. அத்தகைய ஊர் ஒன்றில்தான் அவர் மனம் திறந்து ஓர் ஆசையைச் சொன்னார். வாழ்வின் வேலைகளை முடித்துக்கொண்டு தியானத்தில் அமர்வதற்கு இமயமலையில் ஒரு மடம் வேண்டும். அங்கே இந்தியச் சீடர்களும் மேலைநாட்டுச் சீடர்களும் சேர்ந்து வாழ வேண்டும். இந்தியர்கள் மேலைநாடுகளுக்குச் சென்று வேதாந்தம் போதிக்கவும், மேலைநாட்டவர் இந்தியாவின் நன்மைக்கு உழைக்கவும் அங்கே பயிற்சி பெற வேண்டும். நடைபயணத்தில் பேச்சுவாக்கில் சொன்ன ஆசை. கேட்டுக்கொண்டிருந்த சேவியர் தம்பதியர் அதைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சாஸ்-ஃபே என்ற இடத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் தங்கினார்கள். நாற்புறமும் பனிச்சிகரங்கள். பேச்சு குறைந்தது, தனியே நடப்பதும் அமர்ந்து தியானிப்பதும் மிகுந்தன. அங்கே ஒரு நாள் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது வழியோரத்தில் சிறு கிறிஸ்தவ ஆலயம் ஒன்று தென்பட்டது. கன்னி மரியாளின் திருவுருவம் அதில் இருந்தது. சுவாமிகள் நின்றார். சரிவில் மலர்ந்திருந்த மலைப்பூக்களைப் பறித்து, சேவியர் அம்மையாரிடம் கொடுத்து, அந்தத் தாயின் திருவடியில் தம் நன்றிக்கும் பக்திக்கும் அடையாளமாகச் சமர்ப்பிக்கும்படி கேட்டுக்கொண்டார். அவளும் அன்னைதானே என்றார். தாமே உள்ளே சென்று சாத்தியிருப்பார். கிறிஸ்தவர் அல்லாத தம் செயல் அவ்வூராருக்கு மனவருத்தம் தரக்கூடுமே என்று நினைத்தே அம்மையாரிடம் கொடுத்தார்.

இந்தச் சிறு செயலைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். காளியைத் தாயென்று கதறியவரின் சீடர் அவர். வேற்று நாட்டில், வேற்றுச் சமயத்து ஆலயத்தில், தாய் என்று கண்டதும் கை பூவைத் தேடுகிறது. அதே வேளையில், அந்த ஆலயத்தை வழிபடுகிறவர்களின் முறைமைக்குத் தம்மால் ஓர் ஊறு வரலாகாது என்று கால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பக்தியும் பண்பும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் ஒரே நொடியில் சேர்ந்து வந்தன.

மலையிலிருந்து போன கடிதங்கள்

ஓய்வு என்றாலும் தபால் அவரை விடவில்லை. லண்டனுக்கு வந்த கடிதங்கள் மலையூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் மாக்ஸ் முல்லரிடமிருந்து நற்செய்தி வந்தது. ஸ்ரீராமகிருஷ்ணரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'நைன்டீன்த் செஞ்சுரி' என்ற ஆங்கில இதழின் ஆகஸ்ட் மலரில் வெளியாகியிருந்தது. தட்சிணேசுவரத்துக் கோயில் பூசாரியாக இருந்த மகானின் பெயரை ஆங்கிலம் படிக்கும் உலகம் பரவலாக அறியத் தொடங்கியது அக்கட்டுரையால்தான்.

சென்னையிலிருந்து வந்த கடிதமோ கவலை தருவதாக இருந்தது. அளசிங்கப் பெருமாள் முந்தைய ஆண்டு தொடங்கிய 'பிரம்மவாதின்' இதழ் பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அளசிங்கர் பள்ளி ஆசிரியர். சுவாமிகளை அமெரிக்காவிற்கு அனுப்ப வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர். ஆசிரியர் சம்பளத்தில் குடும்பத்தையும் நடத்தி, ஆங்கில இதழ் ஒன்றையும் நடத்துவது எத்தகைய கணக்கு என்பது வரவுசெலவு எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 6 அன்று சுவிட்சர்லாந்திலிருந்து சுவாமிகள் அவருக்குப் பதில் எழுதினார்: இதழின் தரத்தைத் தாழ்த்திவிடாதே, எப்படியும் நடத்து, லண்டன் திரும்பியதும் உதவ முயல்கிறேன், விரைவில் அந்த வாத்தியார் வேலையிலிருந்தே உன்னை விடுவிக்கும்படி செய்கிறேன் என்ற கருத்தில் அமைந்த கடிதம் அது. அளசிங்கர் அதன் பின்னும் வாத்தியாராகவே இருந்தார்.

இன்னொரு சென்னை இதழும் அந்தக் கோடையில்தான் பிறந்திருந்தது. 1896 ஜூலையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத'. அதன் ஆசிரியர் வத்தலக்குண்டு ராஜம் ஐயர்; கமலாம்பாள் சரித்திரம் எழுதி இருபத்து நான்கு வயதிலேயே தமிழ் நாவல் உலகில் இடம் பிடித்துவிட்டவர். அந்த இதழின் அட்டைப்படம் சுவாமிகளுக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 26 அன்று டாக்டர் நஞ்சுண்ட ராவுக்கு எழுதிய கடிதத்தில், பகட்டு ஒருபுறமிருக்க, காரணமின்றி உருவங்களை அடுக்கியிருப்பதையும் குறைகூறினார். படம் எளிமையாகவும் குறிப்பால் உணர்த்துவதாகவும் இருக்க வேண்டும் என்றார். பனியாறுகளைக் கடந்துகொண்டிருக்கிறேன், இனி ஜெர்மனிக்குப் போகிறேன் என்ற செய்தியும் அதே கடிதத்தில் உண்டு. மனம் முழு ஓய்வில் இல்லை. மயிலாப்பூரில் பாதி இருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமான கடிதம் ஆகஸ்ட் 23 அன்று, லூசர்ன் ஏரிக்கரையிலிருந்து எழுதப்பட்டது. தட்சிணேசுவரத்தில் நடக்கும் ஸ்ரீராமகிருஷ்ண ஜயந்தி விழாவிற்குப் பொதுமகளிர் பலர் வருகிறார்கள். அதனால் கண்ணியமானவர்கள் பலர் வரத் தயங்குகிறார்கள். ஆண்களுக்கு ஒரு நாளும் பெண்களுக்கு ஒரு நாளும் தனித்தனியே ஒதுக்கிவிடலாம் என்று கல்கத்தா அன்பர் ஒருவர் அவருக்கு எழுதியிருந்தார். எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறைதான். இன்றும் கோயில் திருவிழாக் குழுக்களில் இத்தகைய அக்கறைகளைக் கேட்கிறோம்.

சுவாமிகள் தம் குருபாயி சசி மகராஜ் என்ற சுவாமி ராமகிருஷ்ணானந்தருக்குப் பதில் எழுதினார். தட்சிணேசுவரம் போன்ற புண்ணியத் தலத்திற்கு அவர்கள் வரக்கூடாதென்றால் வேறெங்கே போவார்கள் என்று கேட்டார். இறைவன் சிறப்பாகத் தோன்றுவது பாவிகளுக்காகவே. புண்ணியவான்களுக்காக அவ்வளவு அல்ல என்றார். ஆண் பெண், சாதி, செல்வம், கல்வி என்ற வேற்றுமைகள் உலகத்தோடு நிற்கட்டும். புண்ணியத் தலத்திலும் அவை நுழைந்தால் தலத்திற்கும் நரகத்திற்கும் என்ன வேறுபாடு? பூரி ஜகந்நாதத்தில் பாவியும் புண்ணியவானும், ஆணும் பெண்ணும் சமமாகத் தரிசிக்கவில்லையா? ஆண்டில் ஒரு நாளாவது ஆயிரமாயிரம் பேர் பாவ எண்ணத்தை மறந்து இறைவன் பெயரைப் பாடுகிறார்களே, அதுவே பெரிய மங்கலம். சந்நிதியில் நின்றுகொண்டு, இவள் இன்னாள், அவன் இன்ன சாதி என்று எண்ணுகிற கனவான்கள் எவ்வளவு குறைவாக வருகிறார்களோ அவ்வளவு நல்லது. குடிகாரனும் திருடனும்கூட வரட்டும், வாசல் திறந்தே இருக்கட்டும். இவ்வாறு போகிறது கடிதம்.

இதில் கவனிக்க வேண்டியது யாருக்கு எழுதினார் என்பதே. சசி மகராஜ் பூஜையில் மிகக் கண்டிப்பானவர். குருதேவரின் படத்தை உயிருள்ளவராகவே கருதி நேரம் தவறாமல் நைவேத்தியம் செய்து, கோடையில் விசிறிக்கொண்டிருப்பவர். ஆசாரத்தில் சிறிதும் தளராத அவரிடமே, வாசலை அகலத் திறந்து வை என்றார். அடுத்த ஆண்டு அதே சசி மகராஜைச் சென்னைக்கு அனுப்பினார். ஐஸ் ஹவுஸில் தொடங்கி மயிலாப்பூரில் வேரூன்றிய சென்னை ராமகிருஷ்ண மடம் அவர் உழைப்பில் எழுந்தது. இன்று அங்கே மாலை ஆரத்திக்கு நிற்கும் முதியவர்கள், அந்த வழிபாட்டு முறையை நிலைநாட்டியவரின் கைக்கு லூசர்ன் ஏரிக்கரையிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கீல் நகரத்து விருந்து

மலையூரில் வந்து சேர்ந்த கடிதங்களுள் ஒன்று பேராசிரியர் பால் டாய்சனுடையது. வட ஜெர்மனியின் கடற்கரை நகரமான கீல் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். வேதாந்தத் தரிசனத்தைப் பற்றி 1883இலேயே பெருநூல் எழுதியவர். மனைவியோடு இந்தியாவிற்கு வந்து, 1893இல் பம்பாயில் வேதாந்தத்தைப் போற்றிச் சொற்பொழிவாற்றியவர். தம் பெயரை 'தேவசேனன்' என்று சமஸ்கிருதமாக்கி மகிழ்ந்தவர். கண்டிப்பாக வந்து போக வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

ஆகவே பயணம் வடக்கே திரும்பியது. ரைன் நதியின் அருவி, ஹைடல்பர்க், கோப்லென்ஸ், கொலோன் நகரின் வானளாவிய பேராலயம், பெர்லின் என்று வழியில் கண்டவை பல. செப்டம்பர் முற்பகுதியில் கீல் சேர்ந்தார்கள். மறுநாள் காலையிலேயே பேராசிரியர் சிற்றுண்டிக்கு அழைத்துவிட்டார். பேராசிரியரும் மனைவியும் சுவாமிகளையும் சேவியர் தம்பதியரையும் அன்போடு வரவேற்றார்கள். உபநிடதங்களைப் பற்றிய பேச்சு தொடங்கியது. நேரம் போனது தெரியவில்லை. அன்று வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளாக இருந்தபடியால், தேநீருக்கும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். முந்தைய ஆண்டில்தான் திறக்கப்பட்டிருந்த கீல் கால்வாய்ப் பக்கமும் அழைத்துப் போய்க் காட்டினார்கள்.

இந்தச் சந்திப்பைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சி ஒன்று வாசகர்கள் கேட்டிருக்கக் கூடியதே. பேராசிரியர் கூப்பிட்டது காதில் விழாமல் சுவாமிகள் ஒரு கவிதை நூலில் ஆழ்ந்திருந்தார். பின்னர் படித்த பகுதிகளை அப்படியே ஒப்பித்தார். வியந்த பேராசிரியரிடம், மனத்தை ஒருமுகப்படுத்தினால் எவருக்கும் இயலும் என்றார்.

இன்னும் சில நாள் தங்கும்படி டாய்சன் வற்புறுத்தினார். லண்டனில் வேலை காத்திருக்கிறது என்றார் சுவாமிகள். அப்படியானால் நானும் வருகிறேன் என்று பேராசிரியர் ஹாம்பர்க் நகரில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆம்ஸ்டர்டாம் வழியாக அனைவரும் லண்டன் வந்தார்கள். செப்டம்பர் 17 அன்று விம்பிள்டனிலிருந்து சுவாமிகள் எழுதிய கடிதம், சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பிவிட்டதைச் சொல்கிறது. கோடை முடிந்தது, வகுப்புகள் மீண்டும் தொடங்கின.

மாயாவதி

மலையில் சொன்ன சொல்லைச் சேவியர் தம்பதியர் மறக்கவில்லை. லண்டனில் தங்களுக்கிருந்த உடைமைகளை விற்றார்கள். டிசம்பர் 16 அன்று சுவாமிகளோடு இங்கிலாந்தை விட்டே புறப்பட்டார்கள். 1897 ஜனவரி 15 அன்று கொழும்பு. 26 அன்று பாம்பன். பிப்ரவரி 6 அன்று சென்னை. அந்த வரவேற்புகளைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் அமைதியாக உடன்வந்த அந்த ஆங்கிலத் தம்பதியரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1898 மே 13 அன்று ராஜம் ஐயர் தம் 26ஆம் வயதில் காலமானார். 'பிரபுத்த பாரத' நின்றுபோயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அது அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சுவாமி சொரூபானந்தர் ஆசிரியர். நிர்வாகம் கேப்டன் சேவியர். சென்னையில் பிறந்த இதழ் இமயத்தில் மறுபிறவி எடுத்தது. பின்னர், அடர்ந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஏறத்தாழ 6,400 அடி உயரத்தில் மாயாவதி என்ற இடத்தில் இருந்த பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேவியர் தம்பதியர் வாங்கினார்கள். 1899 மார்ச் 19 அன்று அங்கே அத்வைத ஆசிரமம் அமைந்தது. இதழும் அங்கே குடிபுகுந்தது.

அந்த ஆசிரமத்திற்குச் சுவாமிகள் வைத்த விதி கோயிலோடு வாழ்ந்து பழகிய நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும். அங்கே விக்கிரகம் கூடாது. படம் வைத்துப் பூஜையும் கூடாது. அத்வைத சிந்தனை ஒன்றே. ஆல்ப்ஸ் பாதையில் வேற்றுச் சமயத் தாய்க்குப் பூவைக் கொடுத்தனுப்பிய அதே மனிதர், சந்நிதியின் வாசலை எல்லாருக்கும் திற என்று எழுதிய அதே மனிதர், இங்கே சந்நிதியே வேண்டாம் என்றார். பூஜையை அவர் வெறுத்தார் என்று எவரும் சொல்ல முடியாது. பேலூர் மடத்தில் குருதேவரைத் தாமே தோளில் சுமந்து சென்று எழுந்தருளச் செய்தவர் அவர். எல்லாச் சமயத்தாரும், எல்லா நாட்டாரும், தம் தெய்வத்தை விடாமலும் பிறர் தெய்வத்தின் முன் தயங்காமலும் உட்காரக்கூடிய இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்பதே அவர் எண்ணமாகத் தோன்றுகிறது.

1900 அக்டோபர் 28 அன்று கேப்டன் சேவியர் மாயாவதியில் காலமானார். அவர் விரும்பியபடியே இந்து முறைப்படி தகனம் நடந்தது. அப்போது வெளிநாட்டிலிருந்த சுவாமிகள் டிசம்பரில் பேலூர் திரும்பியதும் செய்தியறிந்து, அம்மையாருக்கு ஆறுதல் சொல்ல உடனே புறப்பட்டார். ஆஸ்துமா வாட்டிய உடம்பு. காத்கோதாம் ரயில் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 65 மைல். நடுவே பனிப்பொழிவு. 1901 ஜனவரி 3 அன்று சேர்ந்தார்; 18ஆம் தேதி வரை தங்கினார்.

அங்கே ஓர் அறையில் ஸ்ரீராமகிருஷ்ணரின் படம் வைத்து, பூவும் தூபமும் காட்டி வழிபாடு நடந்துகொண்டிருப்பதைக் கண்டார். கடிந்துகொண்டார். ஆனால் உடனே எடுத்துவிடுங்கள் என்று கட்டளையிடவில்லை. அவர்களே உணரட்டும் என்று விட்டுவிட்டார். குருதேவருக்குப் புறப்பூஜை இல்லாத ஓர் இடமாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் கிழவர் அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று பேலூரில் வந்து சொன்னாராம். சொன்ன விதத்தில் கோபம் எவ்வளவு, குருவின் மேல் அன்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. பின்னர் அந்த வழிபாடு நிறுத்தப்பட்டது. மனம் சமாதானமாகாத ஆசிரமத் துறவி ஒருவர் அன்னை ஸ்ரீசாரதா தேவியாருக்கே எழுதிக் கேட்டார். தம் குருவும் அத்வைதியே, அவர் பிள்ளைகளாகிய நீங்களும் அத்வைதிகளே என்ற கருத்தில் அன்னை பதில் எழுதினார். ஜயராம்பாடியில் நாள்தோறும் தம் கையாலேயே குருதேவருக்குப் பூஜை செய்துவந்த அன்னையின் தீர்ப்பு அது.

சேவியர் அம்மையார் உடனே ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை. கணவர் மறைந்த பின்னும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இமயத்திலேயே இருந்தார். 1902இல் சுவாமிகளும் மறைந்தார். ஆசிரமவாசிகள் அனைவருக்கும் அவர் 'மதர்'. குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் தபால்கூட எளிதில் வராத இடம். ஜோசபின் மக்லவுட் அம்மையார் ஒருமுறை அங்கே சென்றபோது, இந்தத் தனிமை அலுப்பாக இல்லையா என்று கேட்டார். சுவாமிஜியை நினைத்துக்கொள்கிறேன் என்றார் சேவியர் அம்மையார்.